நீலக் கழுத்து: ஒரு நல்லெண்ணெய் லேபிளுக்கு யோசனை கிடைத்த விதம்

பின்னணி

விருதுநகர் மாவட்டத்தில் இரண்டு தலைமுறையாக நடந்துவரும் எண்ணெய் ஆலை அது. நல்லெண்ணெய் மட்டுமே ஆட்டுகிறார்கள். சரக்கெல்லாம் 15 கிலோ டின்னில் மண்டிகளுக்கும் பலகாரக் கடைகளுக்கும் போய்க்கொண்டிருந்ததால் வாங்கும் குடும்பங்களுக்கு ஆலையின் பெயர் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மகன் பொறுப்பேற்றதும் அரை லிட்டர், ஒரு லிட்டர் பெட் பிளாஸ்டிக் பாட்டில்களில் சில்லறை விற்பனைக்கு இறங்க முடிவானது. லேபிள், கடையில் தொங்கவிடும் டாங்லர், சுவர் விளம்பரம் மூன்றையும் மதுரையில் நான்கு பேர் வேலை செய்யும் டிசைன் நிறுவனம் ஒன்று எடுத்துக்கொண்டது. ஆறு வாரக் கெடு. தீபாவளிச் சரக்கோடு பாட்டிலும் கடைக்குப் போயிருக்க வேண்டும்.

ஆலைத் தரப்பிலிருந்து வந்த ப்ரீஃப், அதாவது என்ன வேண்டும் என்ற குறிப்பு, ஒரே வரி: "பாரம்பரியமாவும் இருக்கணும், மாடர்னாவும் இருக்கணும்." உணவுப் பொருளுக்கு லேபிள் செய்கிற எவரும் இந்த வரியைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. எதையும் இது வேண்டாம் என்று தள்ளாத வரி என்பதுதான் அதில் தொல்லை. அந்த இடத்திலேயே கேள்வி கேட்டிருக்க வேண்டும், நிறுவனம் கேட்கவில்லை.

முதல் சுற்று

மூன்று டிசைனர்கள் தனித்தனியாக உட்கார்ந்து, பின்டரெஸ்ட், பிஹான்ஸ் ஆகிய படத் தளங்களில் படங்கள் சேர்த்து, ஆளுக்கொரு மூட்போர்டும் (யோசனைக்காகச் சேர்த்த படத்தொகுப்பு) அதிலிருந்து ஆளுக்கொரு லேபிளும் செய்தார்கள். ஒரு வாரம் அதில் போனது. மூன்றிலும் கிராஃப்ட் பேப்பர் பழுப்பு. மூன்றிலும் மெல்லிய கோட்டில் வரைந்த மரச்செக்கும் மாடும். ஓரத்தில் இலைக்கொத்து, நடுவில் வட்ட முத்திரை, முடி போன்ற மெல்லிய எழுத்து. ஒருவர் வேலையை இன்னொருவர் பார்க்கவே இல்லை என்றால் நம்பக் கடினம்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. இத்தகைய தளங்களில் ஒரு படத்தைச் சேமித்தால் அதை ஒத்த படங்களே அடுத்தடுத்து வந்து நிற்கும். மூவரும் தேடிய சொற்களும் ஏறத்தாழ ஒன்றே. கொஞ்ச நேரத்தில் திரை முழுக்க ஒரே சாயல் ஆகிவிடும். பார்ப்பவருக்கோ உலகத்தையே பார்த்துவிட்ட திருப்தி. ஒருவர் செயற்கை நுண்ணறிவுக் கருவியிலும் முயன்றார். படம் பளபளவென்று வந்தது. தமிழ் எழுத்து வர வேண்டிய இடத்தில் எழுத்தைப் போலத் தோன்றும் கிறுக்கல்தான் வந்தது.

ஆலையில் விரித்துக் காட்டியபோது மகனுக்கு மூன்றுமே பிடித்திருந்தன. அவருடைய அப்பா, ஆலையின் பெரியவர், ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா சோப்பு டப்பா மாதிரில்ல இருக்கு?" என்றார். பிறகு, "நம்மகிட்ட ஏது மாடு?"

அங்கே ஓடுவது மின்மோட்டாரில் இயங்கும் இரும்பு ரோட்டரிச் செக்கு. இல்லாத மரச்செக்கை லேபிளில் வரைவது பழகிய படத்தைத் திரும்பப் போடும் சோம்பல் மட்டுமில்லை. உணவு விளம்பரத்தில் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் என்ற, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018 விதிமுறைகளின்படி வில்லங்கமும்கூட.

கோளாறைத் தேடியது

தலைமை டிசைனர் இரண்டு சோதனைகள் செய்தார். முதலாவது, மூன்று லேபிள்களிலும் பெயரையும் 'நல்லெண்ணெய்' என்ற சொல்லையும் காகிதத் துண்டால் மறைத்துவிட்டு அலுவலகத்துக்கு வெளியே உள்ளவர்களிடம் இது என்ன பொருள் என்று கேட்டது. தேன், சோப்பு, சிறுதானிய மாவு, தலைமுடித் தைலம் என்றெல்லாம் பதில் வந்தது. இரண்டாவது, மூட்போர்டுகளில் இருந்த படங்களை வகைபிரித்தது. எல்லாமே வேறு யாரோ முடித்துவைத்த டிசைன்கள். எள், எண்ணெய், டின், கடை, சமையலறை என ஒரு படம்கூட அவற்றில் இல்லை.

இன்னொன்றும் அப்போது கண்ணில் பட்டது. அந்தத் தளங்களில் வரும் பாட்டில் படங்களில் ஒற்றைப் பாட்டில், சாம்பல் நிறப் பின்னணியில், மென்மையான ஒளியில், நேரெதிரே நிற்கும். மெல்லிய எழுத்தும் வெளிர் பழுப்பும் அங்கே எடுபடும். நம்மூர் மளிகைக் கடையின் டியூப்லைட்டுக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

எடுத்த தீர்மானம்: பென்சில் ஓவியங்கள் முடியும்வரை மூட்போர்டுத் தளங்களைத் திறப்பதில்லை. முற்றாகத் தடை இல்லை. ஒரு யோசனை கையில் வந்தபின் 'இதை வேறு யாராவது செய்திருக்கிறார்களா, எப்படிச் செய்திருக்கிறார்கள்' என்று பார்க்க அந்தத் தளங்கள் மிகவும் பயன்படும். யோசனைக்கு முன்பாகப் பார்த்தால் கேள்வி தெரிவதற்குள் பதில் மனதில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு வாரம் வீணான நிலையில் ஒளிப்படம் எடுக்க ஊர் சுற்றுவதை மகன் விரும்பவில்லை. பெரியவர்தான் சரி என்றார்.

கடையில் கண்டது

நான்கு மளிகைக் கடைகளில், உரிமையாளரின் அனுமதியோடு, காலை நெரிசல் நேரத்திலும் மாலையிலும் நின்று பார்த்தார்கள். குறிக்க வேண்டியவை முன்பே முடிவாகியிருந்தன: பாட்டில் எங்கே இருக்கிறது, வாங்குபவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார், எது மறைக்கிறது, என்ன வார்த்தை சொல்லிக் கேட்கிறார். படங்கள் எல்லாம் வாங்குபவர் நிற்கும் இடத்திலிருந்து, அவருடைய கண் உயரத்தில் மட்டுமே எடுக்கப்பட்டன. அலமாரிக்குப் பக்கத்தில் போய் எடுத்தால் மறுபடியும் மூட்போர்டுப் படம்தான் கிடைக்கும்.

எண்ணெய்ப் பாட்டில்கள் கடைக்காரருக்குப் பின்னால், தலைக்கு மேலுள்ள தட்டில் இருந்தன. வாங்குபவருக்கும் அவற்றுக்கும் ஏறக்குறைய எட்டடி. நடுவில் ஷாம்பூ, ஊறுகாய், காப்பித்தூள் பாக்கெட் சரங்கள் தொங்கி, பாட்டிலின் கீழ்ப்பாதியை மறைத்தன. லேபிள் ஒட்டுவது அந்தக் கீழ்ப்பாதியில்தான். முழுதாகத் தெரிவது கழுத்தும் மூடியும்.

பெயர் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. ஆனால் குழந்தைகளும் வயதானவர்களும் அடையாளம் சொல்லித்தான் கேட்டார்கள்: "அந்தச் செவப்பு மூடி", "பொம்மை போட்டது", "மஞ்சக் கலர்ல இருக்குமே". கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் சூப்பர் மார்க்கெட்டில் இந்தக் கேள்வி எழாது. கல்லாவுக்கு அப்பால் நின்று கேட்டு வாங்கும் கடையில், வாயால் சொல்ல ஓர் அடையாளம் இல்லாத பாட்டிலை யாரும் கேட்டு வாங்க முடியாது.

இது இந்த வட்டாரத்துக்குப் புதிதே அல்ல. மான்செஸ்டர் ஆலைகள் இந்தியாவுக்கு அனுப்பிய துணிக்கட்டுகளில் தெய்வங்கள், விலங்குகள் படம்போட்ட சீட்டுகளை ஒட்டியதும் இதற்காகத்தான். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பியபின் சிவகாசியில் தழைத்த தீப்பெட்டித் தொழிலும் படத்தை நம்பியே நடந்தது. அந்த ஊரின் அச்சுத்தொழில் வளர்ந்ததில் தீப்பெட்டி லேபிளுக்குப் பெரும் பங்கு உண்டு. வாங்குபவர் படத்தைப் பார்த்து 'இன்ன மார்க்' என்று பெயர் வைத்துக்கொள்வார். டிசைன் படித்த நால்வருக்கும் இந்த வரலாறு தெரியும். எண்ணெய் லேபிளோடு அதைச் சேர்த்துப் பார்க்க, கல்லாவுக்கு எதிரே போய் நிற்க வேண்டியிருந்தது.

டின்னின் கழுத்து

திருப்பம் மூன்றாவது கடையில் வந்தது. எந்த ஆலைக்காக வந்திருக்கிறார்கள் என்று கடைக்காரப் பெரியவர் விசாரித்தார். தலைமை டிசைனர் பெயரைச் சொன்னார். அவருக்குப் பிடிபடவில்லை. ஊரையும் தெருவையும் சொன்னதும், "ஏம்மா, நீலக்கழுத்து டின்னா? அப்படிச் சொல்லு" என்றார்.

"அது என்ன அண்ணாச்சி நீலக்கழுத்து?"

"வாய் ஓரத்துல சுத்தி நீலம் அடிச்சிருப்பாங்க. மண்டியில எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்."

ஆலையில் கேட்டபோது காரணம் தெரிந்தது. முன்பு டின்கள் கைமாறிக் கைமாறித் திரும்ப வரும். ஒரே டின்னில் வேறு ஆலையின் பெயர் பாதி அழிந்து இருக்கும். பெயரை நம்பிச் சரக்கு இறக்க முடியாது. சுமை தூக்குபவர்கள் பார்த்தவுடன் பிரித்து அடுக்குவதற்காகப் ஆலைப் பெரியவரே தன் டின்களின் மேல்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு நீல எனாமல் அடிக்க ஏற்பாடு செய்திருந்தார். பயன்படுத்திய டின்னில் திரும்பச் சமையல் எண்ணெய் அடைக்கக் கூடாது என்று சட்டம் வந்து, புது டின்னுக்கு மாறிய பிறகும் நீலம் அடிப்பது நிற்கவில்லை. மகன் அதைத் தினமும் பார்த்தவர். சொல்ல வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

உடனே இதுதான் என்று முடிவெடுக்கவில்லை. கடை, ஆலை, சமையலறை மூன்றிலும் பார்த்த பொருள்களைப் பட்டியலிட்டார்கள்: எள், எள்ளுப்பூ, புண்ணாக்கு, ஆட்டும்போது சேர்க்கும் கருப்பட்டி, வடிகட்டும் துணி, உழக்கு, டின், நீலக் கழுத்து, இட்லிப் பொடிக் கிண்ணம், எண்ணெய்த் தூக்கு. ஒவ்வொருவரும் இதிலிருந்து இருபது சிறு ஓவியங்கள், தடித்த மார்க்கர் பேனாவால், 25 மில்லிமீட்டர் உயரத்தில் வரைய வேண்டும். அந்த அளவுக்குக் கணக்கு உண்டு. 100 மி.மீ. உயர லேபிளை எட்டடியில், அதாவது சுமார் 2.4 மீட்டரில் பார்ப்பதும், 25 மி.மீ. படத்தை மேசையில் 60 செ.மீ. தூரத்தில் பார்ப்பதும் கண்ணுக்கு ஒன்று. தடித்த பேனாவில் அந்த அளவில் வரைய முடியாத எதுவும் கடையில் தெரியப்போவதில்லை. முதல் சுற்றின் மரச்செக்கு ஓவியத்தை அதே அளவுக்குச் சுருக்கியபோது வெறும் பழுப்புத் திட்டாகிவிட்டது.

எள்ளுப்பூ அழகாக வந்தது. ஆனால் நகரத்தில் யாருக்கும் அது என்ன பூ என்று தெரியவில்லை. உழக்கைப் பார்த்தவர்கள் அரிசி என்றார்கள். நீலக் கழுத்து ஒன்றுதான் சொல்லவும் வந்தது, தூரத்திலும் தெரிந்தது, சரங்கள் மறைக்காத இடத்திலும் இருந்தது. வணிகர்கள் ஏற்கெனவே வைத்துவிட்ட பெயர் என்பது கூடுதல் லாபம்.

நீலத்தை ஏற்பதா

எதிர்வாதங்கள் வலுவாகவே இருந்தன. நீலம் என்றால் தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் நினைவுக்கு வரும். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் கலந்து பழக்கம். தண்ணீர்ப் பாட்டில் மூடியும் நீலம். தமிழ்நாட்டில் இரண்டு நிறங்களைப் பட்டையாகச் சேர்த்துவைத்தால் ஏதாவதொரு கட்சிக்கொடி ஆகிவிடும் என்பதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். நீலத்தோடு சிவப்பு சேரவே கூடாது என்று முதலிலேயே எழுதி வைத்தார்கள்.

பதில் அலமாரிப் படங்களில் இருந்தது. நல்லெண்ணெய் வரிசையில் இருந்தவை சிவப்பு, மஞ்சள், பச்சை. அடர் பொன்னிற எண்ணெய்க்கு மேல் நீலத்தைப் போல வேறெந்த நிறமும் எடுத்துக்காட்டாது. பாட்டில் நிறமற்றது என்பதால் உள்ளே இருப்பது தேங்காய் எண்ணெயோ மண்ணெண்ணெயோ என்ற குழப்பம் வராது. ஆகவே நீலம் கழுத்தில் மட்டும். லேபிளில் அதே நீலத்தில் ஒரு மெல்லிய வளையம். எழுத்து அடர் அரக்கு. தண்ணீர்ப் பாட்டில் வெளிர்நீலத்துக்குப் போகாமல், சுண்ணாம்பில் கலக்கும் நீலப்பொடியின் அழுத்தமான நீலம். தயாராகக் கிடைக்கும் மூடிகளில் அந்த நீலம் இல்லை. மூடியின் பாதியிலிருந்து பாட்டிலின் தோள்வரை இறங்கும் நீலச் சுருங்கு உறை (சூடு பட்டால் சுருங்கி ஒட்டும் பிளாஸ்டிக் உறை) போட்டதால் மூடி எந்த நிறமாக இருந்தாலும் சரி என்றாயிற்று. பிரித்தால் கிழியும் என்பதால் சீலுக்குச் சீலும் ஆயிற்று.

எழுத்து

ஆலையின் பழைய சுவர் விளம்பரங்களை எழுதிய ஓவியர் ஒருவர் வேலை குறைந்து வீட்டில் இருந்தார். பெயரையும் 'நல்லெண்ணெய்' என்பதையும் அவரையே எழுதச் சொன்னார்கள். கூலியோடு, எழுத்தை லேபிளில் பயன்படுத்தும் உரிமைக்குத் தனித்தொகை எழுத்துபூர்வமாகக் கொடுக்கப்பட்டது. அவர் பென்சிலால் வரையவில்லை. நூலில் நீலப்பொடி தடவிச் சுண்டி இரண்டு கோடு போட்டுக்கொண்டு நேராகத் தூரிகையை வைத்தார்.

'ண்ணெ' என்ற இடம் சிறிய அளவில் அடைத்துக்கொள்ளும். இரண்டு ண, இடையில் ஒரு கொம்பு, எல்லாமே சுழி. ஓவியர் ணகரத்தின் முதல் சுழியை மட்டும் நன்றாகத் திறந்துவிட்டு மற்றவற்றை ஒடுக்கினார். கொம்பின் தலையைச் சின்னதாக்கினார். புள்ளியை எழுத்தின் தடிமனுக்குச் சமமாக வைத்தார். அதைவிடச் சிறிதானால் அச்சில் காணாமல் போகும், பெரிதானால் பக்கத்துச் சுழியோடு ஒட்டும். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து வெக்டராக்கியபோது விளிம்பின் மேடுபள்ளங்களை மட்டும் சரிசெய்தார்கள்.

பின்புற லேபிளின் சிறிய எழுத்துகளுக்கு முக்த மலர் யூனிகோடு எழுத்துரு. இல்லஸ்ட்ரேட்டர் என்ற டிசைன் மென்பொருளில் இந்திய மொழி அமைப்பை இயக்கி, பத்தி அமைப்பில் தெற்காசிய கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். ஒரு கோப்பில் அப்படியே நடந்து, மெய்ப்புப் பார்க்கையில் பிடிபட்டது.

அச்சில் வந்த சிக்கல்கள்

லேபிள் பிஓபிபி என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் படலத்தாலான ஸ்டிக்கர். காகித லேபிளில் எண்ணெய் பட்டால் கறை ஊறும். வெள்ளைக் காகிதத்தில் எடுத்த ப்ரூஃப், அதாவது சரிபார்க்கும் அச்சு மாதிரி, அருமையாக இருந்தது. ஸ்டிக்கரை எண்ணெய் நிரப்பிய பாட்டிலில் ஒட்டியதும் நீல வளையம் கரும்பச்சையாகிவிட்டது. மஞ்சள் திரவத்தின்மேல் ஒளிபுகும் நீல மை போனால் அப்படித்தான் ஆகும்; வெள்ளைக் காகித ப்ரூஃப் அதைக் காட்டாது.

நீலத்துக்கு அடியில் வெள்ளை மை கொடுத்தார்கள். இப்போது வளையத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் எட்டிப்பார்த்தது: இரண்டு நிறமும் இம்மிகூடப் பிசகாமல் பொருந்துவது எந்திரத்தில் நடக்காது. வெள்ளை மைக்கான அச்சுத் தகட்டில் வடிவத்தை எல்லாப் பக்கமும் 0.15 மி.மீ. உள்வாங்கியதும் சரியானது. அரக்கு எழுத்துக்கு அடியில் வெள்ளை போடவே இல்லை. பொன்னிறத்தின்மேல் அரக்கு இன்னும் அழுத்தமாகிறதே தவிரக் கெடுவதில்லை. நுண்ணிய எழுத்துக்கு ஓரப் பிசிறும் மிச்சம்.

ஒரு லிட்டர் பாட்டிலின் விட்டம் 85 மி.மீ., சுற்றளவு சுமார் 267. எதிரே நிற்பவருக்கு உருக்குலையாமல் தெரிவது அதில் கால்பங்கு, 67 மி.மீ.தான். பெயர் அதற்குள் அடங்கியது. ஆலையில் லேபிளைக் கையால் ஒட்டுகிறார்கள், இரண்டு மி.மீ. சாய்ந்தாலும் நேர்கோட்டுக் கட்டம் காட்டிக்கொடுக்கும். கட்டத்தை எடுத்துவிட்டு மேலும் கீழும் திறந்துவிட்டதால் சாய்வு கண்ணில் படவில்லை.

அதிகம் தொல்லை கொடுத்தது சுருங்கு உறை. வெப்பக்காற்றுத் துப்பாக்கியை ஒரே இடத்தில் பிடித்தால் உறை சுருங்குவதற்குள் பாட்டிலின் தோள் கோணிவிடுகிறது. பெட் பிளாஸ்டிக் 75 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும், மெல்லிய தோள்பகுதி முதலில் பலியாகும். துப்பாக்கியைத் தாங்கியில் நிலையாகப் பொருத்தி, பாட்டிலைச் சுழலும் தட்டில் வைத்துச் சுற்றியதும் சேதம் நின்றது. நிரப்பும்போது வழிந்த எண்ணெயின்மேல் ஒட்டிய லேபிள்கள் மறுநாளே உரிந்தன. அதனால் லேபிள் முதலில், நிரப்புவது பிறகு என்று வரிசை மாறியது.

விளைவு

முழு அச்சுக்கு முன், டிஜிட்டலில் அடித்த மாதிரி லேபிள்களோடு சில பாட்டில்களை அதே கடைகளில் அதே தட்டில் வைத்துப் பார்த்தார்கள். சரங்களுக்கு மேலே நீலம் மட்டும் வரிசையாகத் தெரிந்தது. மறைப்புச் சோதனையில் இந்த முறை எல்லாரும் எண்ணெய் என்றார்கள். எள் எண்ணெய் என்று எல்லாரும் சொல்லவில்லை. பெயருக்குக் கீழே 'நல்லெண்ணெய்' என்பதன் அளவைக் கூட்ட அதுவே காரணம்.

பாட்டில் தீபாவளிக்குக் கடைக்குப் போய்விட்டது. டாங்லர் தாமதமாகிப் பண்டிகைக்குப் பின்தான் போனது. சில வாரங்களில் இரண்டு கடைக்காரர்கள், "நீலக் கழுத்து குடுங்க" என்று கேட்கிறார்கள் எனச் சொல்லி அனுப்பினார்கள். விற்பனையும் ஆலை எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். அதை லேபிளின் கணக்கில் எழுத முடியாது: பண்டிகைக் காலம், கடைக்காரருக்குக் கொடுத்த கூடுதல் கமிஷன், புதிய சரக்கு என்ற ஆவல் எல்லாம் ஒரே சமயத்தில் நடந்தவை. சுவர் விளம்பரத்தில் மேல் மூன்றிலொரு பங்கை நீலமாக விட்டு, கீழே அதே ஓவியரின் எழுத்தில் பெயர் மட்டும் எழுதினார்கள். வாசகம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

ப்ரீஃப் வாங்கும் முதல் சந்திப்பிலேயே 'உங்கள் சரக்கை வணிகர்கள் என்ன சொல்லிக் கேட்பார்கள்?' என்ற கேள்வி இருக்க வேண்டும். அதை உரிமையாளரிடம் மட்டும் கேட்டால் போதாது, சரக்கு ஏற்றுபவரிடமும் கடைக்காரரிடமும் கேட்க வேண்டும். கடைப் படங்கள் மூட்போர்டுக்கு முன்னால் வர வேண்டும். உரிம எண், பச்சைப் புள்ளிக் குறி, நிகர அளவு, விலை போன்ற கட்டாயத் தகவல்களுக்கான கட்டத்தை ஓவியம் தொடங்குமுன் ஒதுக்கிவிட வேண்டும். இந்த வேலையில் அவை கடைசியில் வந்து பின்புற லேபிளை இரண்டு முறை மாற்றவைத்தன. ப்ரூஃபை எண்ணெய் நிரப்பிய பாட்டிலில் ஒட்டிப் பார்த்தபின்தான் கையெழுத்து. வணிகக்குறிப் பதிவுத் தேடலை யோசனை முடிவான அன்றே செய்ய வேண்டும். இங்கே லேபிள் அச்சான பிறகுதான் சமையல் எண்ணெய் அடங்கும் 29ஆம் வகுப்பில் தேடினார்கள். மோதல் எதுவும் இல்லாமல் போனது அதிர்ஷ்டம்.

தீராமல் நிற்பது பவுச், அதாவது பிளாஸ்டிக் பை. ஆலை இப்போது 200 மி.லி. பவுச் கேட்கிறது, பவுச்சுக்குக் கழுத்து கிடையாது. மேல்விளிம்பில் 30 மி.மீ. நீலப் பட்டை போட்டு முதல் மாதிரி வந்தது. தட்டில் குவித்தால் அந்த விளிம்பு மடங்கி உள்ளே போய்விடுகிறது. பவுச்சை அச்சிடும் கிராவ்யூர் முறையில் நிறத்துக்கொரு அச்சுச் சிலிண்டர் வெட்ட வேண்டும் என்பதால், அதை முடிவு செய்யாமல் சிலிண்டர் வெட்டக் கொடுக்க வேண்டாம் என்று நிறுத்திவைத்திருக்கிறார்கள்.